பாட்டுக்கு நடுவே இருந்த பேச்சு

செப்டம்பர் 11, திங்கள்

லென்ஸ் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. எட்டு மாதம் கடை மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்றைக்கு இதை எடுத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், யாரிடமும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்துவிட்டது என்று அர்த்தம்.

காலையில் சமாதானபுரம் டீச்சர் ஒருவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாணிக்கவாசகம் உள்ளே வந்தான். பெருமாள்புரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். என்னோடு படித்தவன். தெருவில் எதிரே பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். என் கடைக்குள் அவன் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. டீச்சர் போகும்வரை பிரேம்களைப் பார்ப்பதுபோல நின்றான்.

"ஏல குணா, நம்ம கேசட்டு கெடச்சிருச்சுல," என்றான்.

எந்த கேசட் என்று நான் கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

தொண்ணூற்றெட்டில், பிளஸ் டூ முடிந்த லீவில், நாங்கள் மூன்று பேர் ஒரு பேண்டு வைத்திருந்தோம். ஆர்தர் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். மாணிக்கம் டிரம்ஸ். நான் பேஸ் கிட்டார். ஹெவி மெட்டல். பாளையங்கோட்டையில் அப்படியொன்றைக் கேட்க ஆள் கிடையாது, ஆர்தரின் தங்கையைத் தவிர. அவளும் ஓசி மிட்டாய்க்காகத்தான் உட்கார்ந்திருப்பாள். ஆர்தர் வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் பேண்டுக்கு 'லெவல் கிராசிங்' என்று பெயர் வைத்தோம். முருகன்குறிச்சியில் விக்டர் அண்ணன் ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் கேசட், கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆட்டோ விளம்பரம், எல்லாம் அங்கேதான். அவருடைய கிறிஸ்துமஸ் கேசட்டுக்கு நாங்கள் வாசித்துக் கொடுத்தோம், பதிலுக்கு எங்களுக்கு மூன்று மத்தியானம் கொடுத்தார். எட்டுப் பாட்டு பதிவு செய்தோம். கேசட் வெளியே வரவே இல்லை. அந்த வருடம் ஆர்தர் இறந்துபோனான். நான் அப்போது ஊரில் இல்லை.

விக்டர் அண்ணன் போன வருடம் காலமாகிவிட்டார். அவர் மகள் வீட்டை ஒதுங்கவைக்கும்போது அந்த டேப் அட்டைப்பெட்டியில் இருந்திருக்கிறது. மாணிக்கத்தைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள். அவன் சென்னையில் பழைய பேண்டுகளைத் தேடிப் பிடித்து வெளியிடும் இரண்டு பையன்களுக்கு அனுப்பியிருக்கிறான். அவர்கள் துடைத்துச் சுத்தம் செய்து, இசைத்தட்டாகவே போடுகிறோம் என்கிறார்களாம். அதற்கு மூன்று பேர் கையெழுத்து வேண்டும். மாணிக்கம் போட்டுவிட்டான். நான் போட வேண்டும். ஆர்தருக்குப் பதில் அவன் அம்மா போட வேண்டும்.

"எல்லாம் தெளிவா கேக்குதுல. பாட்டுக்கு நடுவுல நாம பேசுனதுகூட இருக்கு. அண்ணன் டேப்ப நிறுத்தவே இல்ல."

"என்ன பேச்சு?"

"நீயே கேளு," என்று ஒரு பென்டிரைவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

ஸ்குரூ டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்கு மூன்று கண்ணாடி டெலிவரி.

செப்டம்பர் 12, செவ்வாய்

கேட்கவில்லை. என் மனைவி ஹெப்சிக்குப் பல்வலி, டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

இன்றைக்கு ஆராதனையில் நான்தான் பாடல் நடத்தினேன். பதினெட்டு வருடமாக நான்தான். முடிந்ததும் பாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். அடுத்த மாதம் எங்கள் சபையின் கன்வென்ஷன், இருபத்தைந்தாவது வருடம். அதற்காகச் 'சாட்சி மலர்' என்று ஒரு புத்தகம் அச்சடிக்கிறார்கள். முதல் சாட்சி என்னுடையதாம்.

"நீங்க மேடையில சொல்றதை அப்படியே எழுதிக் குடுத்துருங்க பிரதர். மூணு பக்கம் போதும். வியாழக்கிழமை கூட்டத்துல வழக்கம்போலச் சொல்லவும் செய்யணும்."

சாட்சி என்றால் என்ன என்று இந்த டைரிக்குத் தெரியாது. எங்கள் சபையில் ஒருவன் தான் எப்படிக் கெட்டுக் கிடந்தேன், ஆண்டவர் எப்படித் தூக்கியெடுத்தார் என்று எல்லார் முன்னாலும் எழுந்து சொல்ல வேண்டும். நன்றாகச் சொல்பவர்களை வருடா வருடம் சொல்லச் சொல்வார்கள். நான் நன்றாகச் சொல்வேன். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூப்பிட்டுப் போயிருக்கிறார்கள். ஹெப்சியின் அப்பா நாசரேத்தில் என் சாட்சியைக் கேட்டுவிட்டுத்தான் பெண் கொடுத்தார்.

என் சாட்சி இது. பதினேழு வயதில் நான் சாத்தானின் இசைக்கு அடிமையாக இருந்தேன். என் நண்பன் ஒருவன் சாத்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பாட்டு எழுதினான். 'சாத்தானே, கேட்டைத் திற, எனக்கு நேரமாச்சு.' அதைப் பாடின நாற்பதாம் நாள் ரத்தம் கக்கிச் செத்தான். அதைக் கண்டு நான் நடுங்கி ஆண்டவர் பாதத்தில் விழுந்தேன். கேசட்டுகளைத் தீயில் போட்டேன்.

பெயரை நான் மேடையில் சொல்வதில்லை. அந்த நாகரிகம் எனக்கு உண்டு. ஆனால் பாளையங்கோட்டை எத்தனை பெரிய ஊர்?

செப்டம்பர் 18, திங்கள்

மூன்று பக்கமும் எழுதிவிட்டேன். சொல்வது சுலபமாக இருந்தது, எழுதும்போது பேனா நின்று நின்று போகிறது. பதிவு செய்தது ஏப்ரல் கடைசி வாரம். ஆர்தர் இறந்தது நவம்பர் பன்னிரண்டு. விரல்விட்டு எண்ணினாலும் நாற்பது வராது. ஏழு மாதத்துக்குப் பக்கம் வருகிறது.

முதல் தடவை, தொண்ணூற்றொன்பது அக்டோபரில், நான் 'சில மாதங்களில்' என்றுதான் சொன்னேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு நான் எழுந்ததே சாட்சி சொல்வதற்காக அல்ல. ஆர்தரை நினைத்து அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். ஒரு வருடமாக யார் முன்னாலும் அழ முடியாமல் இருந்தவனுக்கு முந்நூறு பேர் சேர்ந்து 'ஸ்தோத்திரம்' என்றார்கள். இரண்டு பேர் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் 'மூன்று மாதம்' ஆயிற்று. நாற்பது எப்போது வந்தது என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. பாஸ்டர் ஒரு தடவை, "நாற்பதுன்னு சொன்னீங்களே பிரதர், வேதத்துல வர்ற எண்ணிக்கை, ஜனங்க மனசுல அப்படியே ஒட்டிக்கிடுது," என்று பாராட்டினார். அதன் பிறகு அது மாறவில்லை.

ரத்தம் கக்கினான் என்பதும் இல்லை. மஞ்சள் காமாலை. இந்த ஊரில் அந்த வருடம் இருபது பேருக்கு வந்தது.

தாளைப் பாஸ்டர் வீட்டில் கொடுத்துவிட்டு வரும் வழியில் முட்டை வாங்கினேன். ஹெப்சி சொன்னது பச்சைமிளகாயும் சேர்த்து. மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 20, புதன்

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டேன். முதல் இரண்டு பாட்டு மட்டும். ஒன்று கெமிஸ்ட்ரி லேப் பற்றி. இன்னொன்று எட்டாம் நம்பர் பஸ் நிற்காமல் போவதைப் பற்றி. ஆர்தர் அடித்தொண்டையிலிருந்து உறுமுகிறான், டிரம்ஸ் தகர டப்பா மாதிரி கேட்கிறது, நான் வாசிக்கிற பேஸ் பாதி இடத்தில் தாளத்தை விட்டு ஓடுகிறது. இருந்தும் இந்த வயதில் எனக்கு ரோமம் சிலிர்த்தது. எத்தனை சந்தோஷமாக வாசித்திருக்கிறோம். இதையா நான் வருடா வருடம் நரகத்தின் வாசல் என்று சொன்னேன்? 'லெவல் கிராசிங்' என்ற பெயருக்கே, பரலோகப் பாதையை விட்டு நரகப் பாதைக்கு மாறுகிற இடம் என்று அர்த்தம் சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

மூன்றாவது பாட்டுதான் அந்தப் பாட்டு. அதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் குனிந்து உள்ளே வந்துவிட்டார். நல்லதாகப் போயிற்று.

செப்டம்பர் 21, வியாழன்

மூன்றாவது பாட்டையும் கேட்டேன். பேச்சு இருக்கிறது. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 23, சனி

மாணிக்கத்தின் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். காலேஜ் பெண் ஒருத்திக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் இறங்கிப் போகும்வரை காத்திருந்து, கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபம் இல்லை, பேச்சை மட்டும் வெட்டிவிடச் சொல் என்றேன். எவ்வளவோ சாதாரணமாகச் சொல்ல நினைத்தேன். குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"அந்தப் பையன்மாருக்குப் பாட்டவிட பேச்சுதாம்ல பிடிச்சிருக்கு," என்றான்.

"பாட்டு கேக்கவங்களுக்குப் பேச்சு எதுக்கு?"

"குணா, நான் உன் சாட்சிய ரெண்டு தடவ கேட்டிருக்கேன். எங்க வீட்டு மாடி வரைக்கும் ஸ்பீக்கர் கட்டியிருந்தீங்க. நான் ஒங்க கோயிலுக்கு வாறவன் இல்ல, ஒங்க காரியத்துல தலையிட எனக்கு என்னன்னு இருந்துட்டேன். அது என் தப்பு." கைத்துண்டால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "வெட்டணும்னா ஆர்தர் அம்மாகிட்ட போய்க் கேளு. அது அவிய மகன் பேச்சு."

ஆர்தர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் போனவன் அவன்தான். இந்த டைரியின் முதல் நாளில், நான் அப்போது ஊரில் இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஊரில்தான் இருந்தேன். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. காமாலை ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் அம்மா சொன்னார்கள், பரீட்சை வேறு இருந்தது, சனிக்கிழமை போகலாம் என்று நினைத்தேன். அவன் வியாழக்கிழமையே போய்விட்டான். டைரிக்குக்கூடப் பொய் எழுதுகிறவன் நான்.

செப்டம்பர் 26, செவ்வாய்

மெர்லின் வந்தாள். ஆர்தரின் தங்கை. பள்ளிக்கூடம் ஒன்றில் பி.டி. டீச்சராக இருக்கிறாள், விசில் கழுத்தில் தொங்கியபடியே வந்தாள். நாற்பது வயதாகிறது. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு இடம் நிச்சயம்வரை வந்து தட்டிப்போனது எனக்குத் தெரியும். காரணமும் தெரியும். ஒரு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் சபைக்காரர்கள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"பேச்ச வெட்டணும்னு சொன்னீங்களாம்."

"அது என்னத்துக்கு மெர்லின், சும்மா சின்னப் பிள்ளைங்க பேசிக்கிட்டது..."

"நான் கேட்டுட்டேன் அண்ணே."

திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பிரேம் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"அண்ணன் பேசுன டேப்பு எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல. போட்டோ இருக்கு. பாட்டுலயும் அவன் குரல் இல்ல, அது வேற என்னமோ உறுமல். அவன் அவனா பேசுதது அந்த முக்கால் நிமிசந்தான். அம்மா பாட்டு வேண்டாம், அதத்தான் கேக்கணும்னு சொல்லுதாவ. இன்னும் போட்டுக் காட்டல."

"ஏன்?"

"கூடப் பேசுதது யாருன்னு கேப்பாவல்ல. அத நான் எதுக்குச் சொல்லணும்?"

விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நீங்கள் வெட்டச் சொன்னால் சென்னைக்காரர்கள் வெட்டிவிடுவார்கள், அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், நீங்களே வந்து அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மகனின் குரலைக் கேட்க ஒரு தாய் காத்திருக்கிறாள், நான் யோசித்துச் சொல்கிறேன் என்கிறேன்.

அவள் போன பிறகு ஒரு பிரேமின் காதுத்தண்டை உடைத்துவிட்டேன். வாடிக்கையாளருடையது. புதிதாகப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 27, புதன்

எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது பாட்டு இரண்டு தடவை பதிவாகியிருக்கிறது. முதல் தடவை ஆர்தர் பாடுவது, அவன் எழுதினபடி: 'கேட் கீப்பரே, கேட்டைத் திற, எனக்கு நேரமாச்சு.' தினமும் காலையில் சைக்கிளோடு ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போவான். அதைத்தான் பாட்டாக எழுதினான். பாட்டில் அவ்வளவுதான் சங்கதி.

பாட்டு முடிந்ததும் பேச்சு.

நான்: "கேட் கீப்பர்னு பாடுனா சிரிப்பானுவல. அந்த எடத்துல சாத்தானேன்னு போடு. பாரு, எழுதியே வச்சிருக்கேன்."

ஆர்தர்: "ஏல, அந்த வார்த்த வேண்டாம்ல. எங்கம்மா கேட்டா அழுவா."

நான்: "உங்கம்மாவுக்கா பாட்டு போடுதோம்? வெளிநாட்டுக்காரன்லாம் இப்படித்தாம்ல பாடுதான். பயந்தாங்கொள்ளி."

ஆர்தர் சிரிக்கிறான். "பயமெல்லாம் இல்ல. செரி, ஒனக்காவ ஒருவாட்டி பாடுதேன். கேசட்டுக்கு மொதல்ல பாடுனதத்தான் போடணும். செரியா?"

நான்: "செரி, செரி. பாடு."

பிறகு அவன் எனக்காக ஒருவாட்டி பாடுகிறான்.

இதுதான் பேச்சு. முக்கால் நிமிடம். அந்த வார்த்தை என்னுடையது. இருபத்து நான்கு வருடமாக அதை அவன் தலையில் கட்டி, அதற்காகவே ஆண்டவர் அவனை எடுத்துக்கொண்டார் என்று மைக்கில் சொல்லியிருக்கிறேன். மறந்துபோய்ச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது ஒரு நொடி நிறுத்துவேன். உருக்கத்தில் நிறுத்துகிறேன் என்று ஜனங்கள் நினைப்பார்கள். வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 1, ஞாயிறு

ஹெப்சியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், முழுவதும் கேட்டுக்கொண்டே மடித்தாள்.

"அப்ப நாப்பது நாள் இல்லியா?" என்றாள்.

"இல்ல."

"எங்கப்பா சாகுறவரைக்கும் அந்த நாப்பது நாளச் சொல்லிக்கிட்டே இருந்தாவ." என் சட்டை ஒன்றை இரண்டு தடவை பிரித்து மடித்தாள். "மலர் அச்சுக்குப் போயிருச்சே, இப்ப என்ன செய்யப் போறீங்க?"

தெரியவில்லை என்றேன். வியாழக்கிழமை மேடையில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருப்பதாகவும் சொன்னேன்.

"சொல்லுங்க," என்றாள். பிறகு, "சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். என்னோடு பதினாறு வருடம் வாழ்ந்தவள்.

அக்டோபர் 4, புதன்

கன்வென்ஷன் முதல் நாள். பந்தல், நாற்காலி, மைக், எல்லாவற்றுக்கும் நான்தான் ஓட வேண்டும். ஜெனரேட்டர் புகை பெண்கள் பக்கம் அடிக்கிறது என்று இடம் மாற்றினோம். மலர் வந்துவிட்டது. ஐந்நூறு பிரதி. முதல் பக்கத்தில் என் போட்டோ. நல்ல தாள்.

அக்டோபர் 5, வியாழன்

நாற்பது நாள் என்றேன்.

எழுந்து போகும்போது உண்மையைச் சொல்லத்தான் போனேன். மைக்கைக் கையில் வாங்கினேன். முன்வரிசையில் மலரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வயதானவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொல்லச் சொல்ல வரி சரியாக வருகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பவர்போல. 'பதினேழு வயதில்' என்று தொடங்கினேன். அதற்குப் பிறகு வாய் அதுவாகவே போயிற்று. நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினேன். ஸ்தோத்திரம் என்றார்கள். ஒரு அம்மா அழுதார்கள். பாஸ்டர் என் தோளைத் தட்டினார், "இந்தத் தடவை விசேஷமா இருந்துச்சு பிரதர்."

ஹெப்சி கூட்டத்தில்தான் இருந்தாள். வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் வெளியே பார்த்தபடியே வந்தாள்.

அக்டோபர் 6, வெள்ளி

மத்தியானம் மூன்று மணி. ஆறு மணிக்குக் கடைசி நாள் கூட்டம். பாஸ்டர் வீட்டுக்குப் போய், நேற்றுச் சொன்ன சாட்சியில் ஒரு திருத்தம் இருக்கிறது, ஐந்து நிமிடம் வேண்டும் என்றேன். என்ன திருத்தம் என்றார். மலரில் இருக்கும் என் மூன்று பக்கமும் பொய் என்று சொன்னேன், எதனால் பொய் என்பதையும் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். நாற்பது நாளை முன்பு தாம் பாராட்டியதை அவரே எடுத்துச் சொன்னார், பாவம். கூட்டம் நல்லபடி முடியட்டும், பிறகு பேசலாம் என்றார். ஐந்து நிமிடம் கொடுங்கள், கொடுக்காவிட்டால் பந்தலுக்கு வெளியே நின்று சொல்கிறேன் என்றேன். நான் அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் ஜெபத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் என்று எழுதிக்கொண்டார். ஹெப்சி வருகிறேன் என்றிருக்கிறாள்.

பாஸ்டர் வீட்டுக்கு நான் தைரியத்தில் போகவில்லை. அதற்கு முன்னால் ஆர்தர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே நடந்ததை எழுதிவிட்டுக் கிளம்புகிறேன்.

பன்னிரண்டரைக்குப் போனேன். மெர்லின் மத்தியானச் சாப்பாட்டுக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, கதவையும் சாத்தவில்லை. சென்னைக்காரர்கள் அனுப்பியிருந்த தாளை வாங்கி, எதையும் வெட்ட வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க," என்றாள்.

ஆர்தரின் அம்மாவை இருபத்தைந்து வருடத்தில் இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை. தெருவில் வந்தால் நான் மறுபக்கம் போய்விடுவேன். ஒடுங்கிப் போயிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டுதான் இருந்தது. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், "அம்மா சாப்பிட்டாச்சா?" என்று மெர்லினிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை சாப்பிட மாட்டாவ. உபவாசம்."

"சுகரெல்லாம் இருக்குமே, டாக்டர்..."

"டாக்டர் சொல்லிப் பாத்தாச்சு. அண்ணனுக்காவ இருக்காவ. அவன் அந்த வார்த்தய எழுதிட்டான்ல, அத ஆண்டவர் மன்னிக்கணும்னு. நீங்க மொத மொத மேடையில சொன்னீங்கல்ல, அந்த வாரத்துல இருந்து."

சாதாரணமாகச் சொன்னாள். இருபத்து நான்கு வருடம். எத்தனை வெள்ளிக்கிழமை என்று மனசு தானாகக் கணக்குப் போடத் தொடங்கியது, நிறுத்திவிட்டேன்.

மெர்லின் அம்மாவின் காதுப் பக்கம் போனை வைத்துப் போட்டாள். முதலில் பாட்டின் கடைசிப் பகுதி, ஒரே இரைச்சல். அம்மா அசையவில்லை. பிறகு என் குரல். பிறகு, 'ஏல, அந்த வார்த்த வேண்டாம்ல.' அம்மாவின் கை எழுந்து போனைப் பிடித்துக்கொண்டது. முழுவதும் முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். நான்கு தடவை கேட்டார். அழவில்லை. ஆர்தர் சிரிக்கிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் உதட்டைச் சேர்த்துக்கொண்டார்.

"கூடப் பேசுத பையன் யாரு?" என்றார்.

மெர்லின் என்னைப் பார்த்தாள்.

"நான்தான்மா. குணசிங்."

என் பக்கம் திரும்பினார். "அந்த வார்த்தய எழுதுனது?"

"நான்."

"அவன் எழுதலியா?"

"இல்லம்மா. அவன் கேட் கீப்பர்னுதான் எழுதியிருந்தான். நான்தான் மாத்துனேன். வேண்டாம்னான். நான் விடல. அவன் எழுதுனான்னு சொன்னதெல்லாம் பொய். நாப்பது நாள்னு சொன்னதும் பொய்." காலில் விழலாம் என்று குனிந்தேன். கையால் தடுத்தார். என்னைத் தொடவில்லை, காற்றிலேயே தடுத்தார்.

"எம்புள்ள எழுதல," என்றார். கேள்வியா இல்லையா என்று தெரியவில்லை. "இல்லம்மா," என்று மறுபடியும் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. "எங்கம்மா அழுவான்னுல்லா சொல்லுதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொஞ்ச நேரம் பைபிளின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மெர்லின், எனக்குச் சோறு வையி."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா."

"தெரியும். வையி."

மெர்லின் தன் தட்டையே நகர்த்தி வைத்தாள். பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும். முதல் வாய் பாதி கீழே சிந்தியது. என்னை உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. மெர்லின் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அம்மா நிதானமாகப் பிசைந்து தட்டைக் காலி செய்தார். பிறகு கொஞ்சம் மோர்ச்சோறு கேட்டு வாங்கி, அதையும் முழுவதும் சாப்பிட்டார்.